பட்டன் டயரும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

நீண்ட பதிவு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். வீட்டில் பதினெட்டு, இருபது வயதில் பையன் இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து தாண்ட வேண்டாம்.

பத்து நாளைக்கு முன்னால் என் பழைய மாணவர் ஒருவரின் மகன், ஆறுமுகனேரிப் பக்கமிருந்து ஊருக்கு வரும் வழியில், ஒரு வளைவில் பைக்கோடு சரிந்து விழுந்தான். முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. காரை எலும்பும் முறிந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான், அதனால் இன்று பேசுகிறான். லேசான தூறல். எதிரே வண்டி இல்லை. மாடோ நாயோ குறுக்கே வரவில்லை. அறுபதுக்கு மேல் போகவில்லை என்று பின்னால் உட்கார்ந்து வந்த பையன் சொல்கிறான். அவனுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. அவனையும் நான் ஏழாம் வகுப்பிலிருந்து பார்த்தவன், அவனுக்குப் பொய் சொல்ல வராது. நம்புகிறேன்.

அந்த பைக்குக்கு இரண்டு வாரம் முன்னால்தான் புது டயர் மாட்டியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் பட்டன் டயர். அதாவது ரப்பர் கட்டை கட்டையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியோடு, பார்க்க முரட்டுத்தனமாக இருக்குமே, அது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் விதி என்றார். ஒருவர் உப்பு லாரிகளைத் திட்டினார். ஒருவர் நெடுஞ்சாலைத் துறையை. நான் மதிக்கும் ஒரு காக்கா எழுதியதுதான் என்னை இந்தப் பதிவு வரைக்கும் கொண்டுவந்தது. "நல்ல வேளை, பட்டன் டயர் இருந்ததால் இந்த அளவோடு போச்சு. சாதா டயரா இருந்திருந்தா இன்னும் மோசமாகியிருக்கும்." அதற்குக் கீழே கனடாவிலிருந்து அவர் மருமகன் அனுப்பிய வீடியோ. பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி, அதன் ரப்பர் பட்டை முழுக்கக் கூரான இரும்பு ஆணிகள். "பாருங்க, வெள்ளைக்காரன் ஆணியே அடிச்சு வச்சிருக்கான். பிடி வேணும்னா பல்லு வேணும்." நாற்பத்தேழு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

காக்கா, மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னது தலைகீழ். அந்தப் பையனைக் கவிழ்த்ததே அந்தப் பல்தான் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்துமூன்று வருஷம் இயற்பியல் நடத்தியவன். உராய்வு பாடத்தை எத்தனை முறை நடத்தினேன் என்று எனக்கே கணக்கில்லை. நடத்தியும் ஊரில் இதுதான் நிலைமை என்றால் அதில் என் பங்கும் இருக்கிறது.

முதலில் அந்த வீடியோவையே எடுத்துக்கொள்வோம். கனடாவில் இருக்கும் என் மாணவர் ஒருவரிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன், நானும் படித்துப் பார்த்தேன். ஸ்னோமொபைலுக்குப் பின்னால் சக்கரம் கிடையாது. புல்டோசருக்கு இருப்பது போல ஒரு அகலமான பட்டை சுற்றுகிறது, ஆனால் ரப்பரில். முன்னால் திருப்புவதற்கு இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள். ஆழமான புதுப் பனியில் ஓட்டுகிறவர் ஆணியே வைப்பதில்லை, ரப்பர் பட்டையில் இருக்கும் மேடுகளே பனியை வாரித் தள்ளப் போதும். பாதையில் பனி மிதிபட்டு இறுகி, உருகி, மறுபடி உறைந்து கண்ணாடியாகும் இடங்களில் ஓட்டுகிறவர்தான் ஆணி வைக்கிறார். அதுவும் கடினமான கார்பைடு முனை வைத்த ஆணி, பட்டைக்குத் தொண்ணூற்றாறு, நூற்று நாற்பத்துநாலு என்று ஒரு கணக்கில். ஆணி ரப்பர் மேட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் அளவு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் ஆணி வளையும், பட்டையைக் கிழிக்கும், மேலே இருக்கும் குளிர்விப்பானில் போய் இடிக்கும். உறைந்த ஏரியில் பந்தயம் ஓட்டுகிறவர் கதை வேறு. அவருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும், ஊசி போலக் கூர் வேண்டும். அந்தக் கூர் கல்லில் பட்டால் மழுங்கிவிடும், ஆனால் அவருக்குக் கவலை இல்லை. அவருடைய ஏரியில் கல் கிடையாது.

ஏரிப் பந்தயக்காரரின் ஆணியைப் பாதையில் ஓட்டுகிறவருக்கு மாட்டினால் வண்டி கெடும். பாதைக்காரரின் ஆணியோடு ஏரியில் இறங்கினால் கடைசியில் வருவார். அங்கே கடைக்காரர் முதலில் கேட்பது எதில் ஓட்டப் போகிறாய், அதில் பனிக்கட்டி எவ்வளவு, மண்ணும் கல்லும் தார் ரோடும் குறுக்கிடும் தூரம் எவ்வளவு என்றுதானாம். எத்தனை ஆணி என்பது அதற்குப் பிறகு. மினசோட்டா என்ற அமெரிக்க மாநிலத்தில், தார் போட்ட பொதுப் பாதைகளில் ஆணி வைத்த ஸ்னோமொபைல் ஓட்டவே சட்டம் தடை போட்டிருக்கிறது. கார் டயரில் ஆணி வைப்பதை ஜெர்மனி பல பத்தாண்டுகளுக்கு முன்பே தடுத்துவிட்டது. பனிக்குப் பஞ்சமில்லாத நார்வேயில்கூட, ஆஸ்லோ நகரத்துக்குள் ஆணி டயரோடு ஓட்டினால் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், ரோட்டைச் சுரண்டிப் புழுதி கிளப்புகிறது என்று. காக்காவின் வீடியோவில் இதெல்லாம் இல்லை. முப்பது விநாடி வீடியோ எதைச் சொல்லும்?

இது வெள்ளைக்காரனின் கண்டுபிடிப்பும் இல்லை. என் வயதுக்காரர்களுக்கு லாடக்காரர் நினைவிருப்பார். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, குளம்பில் இரும்புத் தகட்டை வைத்து ஆணி அடிப்பார். எந்த மாட்டுக்கு? வண்டி மாட்டுக்கு. கப்பி ரோட்டில், தார் ரோட்டில் உப்பு மூட்டையும் கருப்பட்டிக் கொட்டானும் இழுத்த மாட்டுக்கு. வயலில் உழுகிற மாட்டுக்கு யாரும் லாடம் அடித்துப் பார்த்ததில்லை. சேற்றுக்கு அது எதற்கு? ஒரே ஊர், ஒரே மாடு, ஒரே லாடக்காரர். கால் மிதிக்கும் தரையைப் பார்த்துத்தான் இரும்பு. கடலிலும் அப்படித்தான். அலையை உடைத்துக்கொண்டு மணலில் ஏறக் கட்டுமரம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றத் தூத்துக்குடித் தோணி. கட்டுமரம் கம்பீரமாக இருக்கிறது என்று அதில் சிமெண்டு ஏற்றி மாலத்தீவு போனவர் உண்டா? பைக் என்று வந்ததும் மட்டும் நமக்கு இந்தப் புத்தி எங்கே போகிறது?

இனி பாடம். ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்பது என் பழக்கம்.

உலகத்திலேயே அதிகப் பிடி வேண்டிய வண்டி எது? பந்தய பைக். முழங்கால் தரையில் உரசுகிற அளவுக்குச் சாய்கிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ, கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ போய்ப் பாருங்கள். காய்ந்த நாளில் பெரிய பந்தய வண்டிகளுக்கு மாட்டும் டயரில் ஒரு கோடுகூட இருக்காது. மொழுமொழுவென்று முட்டை போல இருக்கும். ஸ்லிக் என்று பெயர். பல் இருந்தால்தான் பிடி என்றால் அவர்கள் எல்லோரும் முதல் வளைவிலேயே செத்திருக்க வேண்டும்.

காய்ந்த தாரில் பிடியைக் கொடுப்பது ரப்பர்தான். ரப்பர் தாரின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி உட்கார்ந்து பிடிக்கிறது. ஒரு பைக் டயர் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவுதான், இரண்டு டயருக்கும் சேர்த்து இரண்டு உள்ளங்கை. உங்கள் பிள்ளையின் உயிர் தொங்குவது அந்த இரண்டு உள்ளங்கையில். டயரில் கோடுகள் வெட்டியிருப்பது மழைத் தண்ணீர் வெளியேற வழிவிட, அவ்வளவுதான். சாதா ரோட்டு டயரில் பெரும்பகுதி ரப்பர், கொஞ்சம் வாய்க்கால். பட்டன் டயரில் பெரும்பகுதி வாய்க்கால், கொஞ்சம் ரப்பர். உள்ளங்கைக்குப் பதிலாக நாலைந்து விரல் நுனியை ஊன்றி நிற்பது போல. வண்டி சாயும்போது அந்த விரல் நுனிகள் வளைகின்றன. நெட்டையான ரப்பர் கட்டை பக்கவாட்டு விசையில் மடங்கும், மடங்கிய கட்டை விசையை விட்டுவிட்டு விருட்டென்று நிமிரும். அந்த விருட்டில்தான் வழுக்கல். தார் நனைந்திருந்தால் இன்னும் சீக்கிரம். அதிலும் பட்டன் டயர்களில் பலவற்றின் ரப்பர், கல்லில் பிய்ந்து போகாமலிருக்கக் கெட்டியாகச் செய்தது. நனைந்த தாரின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் அது அமுங்காது.

"சார், தண்ணி போக வழி ஜாஸ்தி இருக்குல்ல, மழைக்கு நல்லதுதானே" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பைக் டயர் குறுக்கே வளைந்த உருண்டை வடிவம், அதுவே தண்ணீரை இரு பக்கமும் ஒதுக்கும். காரைப் போலத் தட்டையாகத் தண்ணீர் மேல் மிதக்கும் ஆபத்து பைக்குக்கு நாம் ஓட்டும் வேகத்தில் குறைவு. நமக்குத் தூறலில் வரும் ஆபத்து வேறு. முதல் பத்து நிமிஷத் தூறல், ரோட்டில் படிந்த எண்ணெய், காற்று கொண்டுவந்த நைசு மணல், மூன்றும் குழைந்து மெல்லிய கூழாகிறது. கூழின் மேல் விரல் நுனியால் நிற்பது நல்லதா, உள்ளங்கையால் நிற்பதா?

ஒரு கணக்கும் போட்டுவிடுகிறேன். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் பதினாறே முக்கால் மீட்டர். உராய்வு எண் 0.8 உள்ள காய்ந்த தாரில் பிரேக் பிடித்தால் சுமார் 18 மீட்டரில் நிற்கும். 0.5 என்று குறைந்தால் 28 மீட்டர். 0.4 ஆனால் 35 மீட்டர். இதெல்லாம் பிரேக்கில் கை வைத்த பிறகு. கண் பார்த்து கை போக ஒரு விநாடி, அதற்கு இன்னொரு 17 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அதே 0.5 ரோட்டில் வேகத்தை ஐம்பதாகக் குறையுங்கள். 28 மீட்டர் 20 ஆகிவிடுகிறது. எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாத எட்டு மீட்டரை வலது கை மணிக்கட்டு இலவசமாகத் தருகிறது. வேகத்தின் வர்க்கம் என்று பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் நான் எழுதியபோது கடைசி பெஞ்சில் சிரித்த பல பேர் இன்று தகப்பன்மார்.

சரி, பட்டன் டயர் எங்கேயும் உதவாதா? உதவும். நமக்குப் பக்கத்திலேயே உதவும். திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி இருக்கிறது, செம்மணல் குன்று குன்றாக. கால் வைத்தால் கணுக்கால் வரை போகும். அந்த மணலில் ரோட்டு டயர் ஒன்றுக்கும் ஆகாது, நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். பட்டன் டயர் துடுப்பு போல மணலை வாரிப் பின்னால் தள்ளி வண்டியை முன்னால் நகர்த்தும். மணலுக்கும் சேற்றுக்கும் பல் வேண்டும், ஏனென்றால் அங்கே தரையே நகர்கிறது. தார் நகராது. இவ்வளவுதான் மொத்தப் பாடமும். (தேரியில் காப்புக் காடும் இருக்கிறது. அங்கே பைக் ஓட்டிச் செடியை மிதிப்பது சரியா என்பது தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் போடுகிறேன்.)

தேரிக்குப் போகிற பிள்ளைகள் செய்யும் இன்னொரு காரியத்தைத் தகப்பன்மார் தெரிந்துகொள்ள வேண்டும். மணலில் புதையாமலிருக்கக் காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கிவிடுவார்கள். அது சரியான வித்தைதான், காற்று குறைந்தால் டயர் பரந்து மணல் மேல் நிற்கும். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் வீடியோவில் அந்த ஆள் பையில் ஒரு பம்பு வைத்திருந்ததைக் கற்றுக்கொள்ளவில்லை. தேரியிலிருந்து ஊர் வரை, தார் ரோட்டில், இருட்டும் நேரத்தில், பாதிக் காற்றோடு, பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு, பட்டன் டயரில் வருகிறார்கள். காற்று குறைந்த டயர் சூடாகும், நெளியும். டியூப் டயராக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம் மேல் நகர்ந்து, டியூபின் வால்வை வேரோடு பிடுங்கிவிடும். ஒரே நொடியில் காற்று போகும். எண்பதில் போகும்போது முன் சக்கரத்தில் அது நடந்தால் பஞ்சர் கடையைத் தேட வேண்டியிருக்காது.

முன் சக்கரம் என்றதும் இன்னொன்று. ஊரில் பாதிப் பிள்ளைகள் காசு பத்தாமல் பின் டயரை மட்டும் மாற்றுகிறார்கள். அதுவும் கம்பெனி கொடுத்ததைவிட அகலமாக. ஸ்னோமொபைல்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு, இதையும் அந்த வீடியோ சொல்லவில்லை. பின் பட்டையில் ஆணியைக் கூட்டினால் முன் சறுக்குக் கட்டையின் அடியில் இருக்கும் கார்பைடு கம்பியையும் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பின்பக்கம் தள்ளும், முன்பக்கம் கடிக்காது. ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே மரத்தைப் பார்த்துப் போகும். பைக்கிலும் அதுவேதான். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு ஓடிவருகிறது, நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். அதைத் தேய்ந்து மொட்டையாக விட்டுவிட்டுப் பின்னால் அரக்கன் மாதிரி ஒன்றை மாட்டுவது பார்க்கிறவர்களுக்காக. நமக்குப் பின்னால் வருகிறவன்தானே பின் டயரைப் பார்க்கிறான்!

அகல டயர் வேறு கதை. ரிம் எவ்வளவு அகலமோ அதற்குத் தகுந்த டயர்தான் சரியான வளைவில் உட்காரும். நூறு மில்லிமீட்டருக்குச் செய்த ரிம்மில் நூற்று நாற்பதைத் திணித்தால் அது நெஞ்சு நிமிர்ந்து கூம்பிக்கொள்ளும். பெரிய டயர் வாங்கியவருக்குத் தரையைத் தொடும் இடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். செயின் உரசும், மைலேஜ் போகும். ஏ.பி.எஸ். இருக்கும் வண்டியில் சக்கரத்தின் சுற்றளவு மாறினால் அதன் கணக்கும் குழம்பும். அதோடு, கம்பெனி பதிவு செய்ததிலிருந்து வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுப்பது அழகு பார்க்க இல்லை.

இப்போது டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதற்கு வருகிறேன். என் கோபத்தில் பாதி இங்கேதான்.

டயருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு சாதாரணமானதில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த சின்னக் கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஆனது. மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் இரு சக்கர வாகன டயர் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் டயர் கம்பெனி போர்டுகளாகத்தான் தெரியும். நம் பிள்ளைகளே டிப்ளமா முடித்து அங்கே வேலை பார்க்கிறார்கள். நாமே செய்கிறோம், அதில் எழுதியிருப்பதை மட்டும் படிப்பதில்லை.

ஒவ்வொரு டயரிலும் நாலு இலக்கம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டால் கல் மாதிரிதான். அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் எவ்வளவு எடை தாங்கும் என்பது, எழுத்து எந்த வேகம் வரை என்பது. பி என்றால் 150, எல் என்றால் 120. சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைத் தலைகீழாக மாட்டிய வண்டிகளை நம் ஊர் பஜாரிலேயே பார்த்திருக்கிறேன். மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்த பட்டன் டயர்கள் பலவற்றில் இன்னொரு வாசகம் அச்சாகியிருக்கும். சிலதில் மூன்று எழுத்து: என்.எச்.எஸ். சிலதில் முழுதாக: நாட் ஃபார் ஹைவே சர்வீஸ். நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். திண்ணை ஓரம் பைக் சாய்ந்து கிடந்தது. குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, செல்போன் வெளிச்சத்தில் டயரைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. முன் டயரிலும் இருந்தது, பின் டயரிலும் இருந்தது. செய்தவன் எழுதிவிட்டான். விற்றவன் படிக்கவில்லை, அல்லது படித்தும் வாயைத் திறக்கவில்லை. வாங்கியவனுக்கு வயது பத்தொன்பது, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ரீல்ஸ்.

கடைக்காரர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் என்றால் சொல்லியிருப்பேன்.

"2023 வெள்ளத்துக்கு அப்புறம் ரோடே இல்லை சார், அதனால்தான் இந்த டயர்" என்று ஒரு வாதம் வந்தது. அந்த டிசம்பர் 17, 18-ஐ எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். ஒரே நாளில் நம் ஊரில் 95 சென்டிமீட்டர் பெய்தது, என் வீட்டில் கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் புத்தகம். ரோடு குண்டும் குழியுமாகத்தான் கிடந்தது. ஆனால் குழிக்குப் பல் என்ன செய்யும்? குழிக்கு வேண்டியது சரியான காற்றும், நல்ல ஷாக் அப்சார்பரும், மெதுவான வேகமும். அப்படி மண்பாதையிலும் தினமும் போகத்தான் வேண்டும் என்கிற தென்னந்தோப்புக்காரருக்கும், உப்பளத்து மேஸ்திரிக்கும் நடுத்தரமான டயர் இருக்கிறது. கட்டைகள் பெரிதாக, இடைவெளி குறைவாக, ரோட்டுக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்தது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி வண்டிகளில் கம்பெனியே அந்த வகையைத்தான் போட்டு அனுப்புகிறது. அதைக் காட்டி "ஹிமாலயன்ல வருதே" என்று மோட்டோகிராஸ் டயரை 150 சிசி வண்டியில் மாட்டாதீர்கள். இரண்டும் ஒன்றில்லை. கையால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

கடைசியாகப் பெரியவர்களிடம். பிள்ளைகளைத் திட்டுவது சுலபம், அவர்கள் இந்தப் பதிவைப் படிக்கப் போவதுமில்லை. அந்த டயருக்குக் காசு எங்கிருந்து வந்தது? ஹாங்காங்கிலிருந்து, ரியாத்திலிருந்து, துபாயிலிருந்து. "வாப்பா, டயர் தேஞ்சிருச்சு" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், இங்கே பணம் வந்துவிடுகிறது. தேய்ந்த டயரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னவர் எத்தனை பேர்? டயரின் பள்ளத்துக்குள் தேய்மானம் காட்டும் சின்ன மேடு இருக்கிறது, ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால்தான் மாற்ற வேண்டும். அந்தப் பையனின் பழைய டயர் பின்கட்டில் கிடந்தது, அதையும் பார்த்தேன். பாதிகூடத் தேயவில்லை. நல்ல டயரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்ட டயரை மாட்டக் காசு கொடுத்திருக்கிறோம்.

பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு வண்டியைக் கொடுக்கிறவர்களுக்கும் ஒன்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு 199ஏ பிரிவில் குற்றவாளி கூண்டில் ஏறுவது பெற்றவர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரர். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து, பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. பந்தயம் ஓட்ட ஆசை இருக்கிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசைக்கு சென்னையிலும் கோவையிலும் தளம் இருக்கிறது. பயிற்சியும், லைசென்ஸும், தோல் உடுப்பும், ஓரத்தில் ஆம்புலன்ஸும் இருக்கிறது. நம் மெயின் ரோட்டில் ஓரத்தில் இருப்பது மீன் வாங்க வந்த உம்மாமார்கள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு என் வீட்டு வாசலில் இருப்பேன். காற்று அளக்கும் மீட்டரும் ஒரு கால் பம்பும் வாங்கி வைத்திருக்கிறேன். பைக்கோடு வாருங்கள், டயரில் எழுதியிருப்பதைச் சேர்ந்து படிப்போம். திட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையனின் தகப்பனார் போன் செய்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கிறது, கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமாவது ஆகுமாம் சரியாக நடக்க. பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அந்தப் பட்டன் டயர் இரண்டையும் கழற்றி விற்பனைக்குப் போட்டாராம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகட்டும் என்று. புதுசுதானே, இரண்டு வாரம்தானே ஓடியிருக்கிறது. போட்ட அன்றே காயாமொழிப் பக்கமிருந்து ஒரு தம்பி அட்வான்ஸ் அனுப்பிவிட்டானாம், நாளைக்கு எடுத்துக்கொள்ள வருகிறானாம்.

"என்ன வண்டிக்கு?" என்று கேட்டேன்.

"கேக்கல சார்" என்றார்.

அந்தத் தம்பியின் நம்பரை வாங்கியிருக்கிறேன். இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.